ஜெர்மன் பாடம்: பிள்ளை பேசுவதை வீட்டில் கேளுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் ஜெர்மன் பாடம் பற்றித்தான் இந்தக் கடிதம். வாரத்தில் இரண்டு நாள் பள்ளியில் டீச்சரோடு, மற்ற நாட்களில் வீட்டில் போனில் என்று நடத்துகிறோம். பள்ளியில் நன்றாகவே போகிறது. வீட்டில் படிப்பதுதான் ஓணம் விடுமுறைக்குப் பிறகு தளர்ந்துவிட்டது. ஆப்பைத் திறக்கிறார்கள், நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுகிறார்கள், புள்ளி ஏறுகிறது, மறுநாள் வகுப்பில் பேசச் சொன்னால் ஒரு வாக்கியம் வருவதில்லை.

தயவுசெய்து சோம்பேறி என்று திட்டிவிடாதீர்கள். ஆரம்பத்தில் வணக்கம், பெயர், எண்கள் என்று பாடம் சுலபமாக ஓடியது. இப்போது ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் பால் காட்டும் டெர், டி, டாஸ் என்ற சொற்கள் வந்துவிட்டன. மேசை ஆண்பால், கதவு பெண்பால், புத்தகம் இரண்டிலும் சேராது. பொருள் என்றாலே அஃறிணை என்று பழகிய நம் பிள்ளைகள் இதை ஒவ்வொன்றாக மனதில் ஏற்ற வேண்டியிருக்கிறது, அதையும் தனியாகத் திரை முன்னால் உட்கார்ந்து செய்யச் சொன்னால் பெரியவர்களுக்கே சலித்துப்போகும்.

வேலந்தாவளம் சந்தையில் மலையாளத்தில் விலை கேட்கும் உங்கள் பிள்ளைக்கு அந்தப் பேச்சை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டால் எதிரில் பதில் சொல்ல ஆள் இருந்தது, அவ்வளவுதான். டெசி, ரயன் என்ற இரண்டு உளவியலாளர்கள் படிப்பில் ஆர்வம் நிலைக்க மூன்று விஷயங்கள் வேண்டும் என்கிறார்கள்: தானாகத் தேர்ந்தெடுக்க இடம், தன்னால் முடிகிறது என்ற உணர்வு, கூட மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நெருக்கம். இந்த மூன்றாவதைப் போன் தராது, நீங்கள்தான் தர முடியும்.

சில வீடுகளில் ஜெர்மன் படித்தால் நர்ஸ் வேலைக்குப் போகலாம் என்று தினமும் சொல்கிறீர்களாம். வாய்ப்பு உண்மைதான், வெளிநாட்டு வேலைகளுக்கு உதவும் கேரள அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ் 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டு ட்ரிபிள் வின் திட்டத்தில் நர்ஸுகளை ஜெர்மனிக்கு அனுப்புகிறது. ஆனால் அங்கே நர்ஸாக அங்கீகாரம் பெற பொதுவாக பி2 என்ற மொழித் தேர்ச்சி நிலை கேட்கிறார்கள். ஏ1 முதல் சி2 வரை உள்ள ஆறு நிலைகளில் நம் பிள்ளைகள் ஏ1-இல் இருக்கிறார்கள். அத்தனை தூரத்தில் இருக்கும் வேலையைக் காட்டி இன்று சாயங்காலம் புத்தகத்தைத் திறக்க வைக்க முடியாது, பயம்தான் கூடும்.

அதனால் இந்த வாரம் முதல் வீட்டுப் பாடம் மாறுகிறது. வீட்டுச் சாப்பாடு, பஸ் ஸ்டாண்ட், கிரிக்கெட் என்று தனக்குப் பிடித்த ஒன்றைப் பற்றி ஐந்து வாக்கியம் தயார் செய்து போனில் பதிவு செய்ய வேண்டும். மறுவகுப்பில் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை அதைக் கேட்டுவிட்டுக் கேள்வி கேட்கும். ஆப் புள்ளிகளுக்கு இனி மதிப்பெண் கிடையாது.

உங்களிடம் கேட்பது தினமும் பத்து நிமிடம். பிள்ளை பேசட்டும், நீங்கள் கேளுங்கள், அப்புறம் அது என்ன அர்த்தம் என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஜெர்மன் தெரியாத அம்மாவுக்கும் பாட்டிக்கும் விளக்கிச் சொல்லும்போதுதான் பிள்ளைக்கே பாடம் பிடிபடும். தப்பைத் திருத்துவதை டீச்சர் பார்த்துக்கொள்வார்.

ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் திரும்புகிறது என்றால் வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிடுங்கள், சரியா. நாலு மணிக்குப் பிறகு கம்ப்யூட்டர் லேபைத் திறந்து வைக்கிறோம், அங்கேயே பதிவு செய்துவிட்டு ஐந்தரை பஸ்ஸில் அனுப்பிவிடுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்