சவுத்எண்ட் பயணம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அன்புடையீர்,

கோடை விடுமுறையில் குடும்பத்துடன் இரண்டு நாள் இங்கிலாந்தின் கடலோர ஊரான சவுத்எண்ட் செல்லவிருப்போர், அறை பதிவு செய்யும் முன்பே கடல் ஏற்ற இறக்க நேரத்தைப் பார்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். அது தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரமாதலால், நீர் வடியும்போது கடல் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கி, கணுக்கால் புதையும் சேறே எஞ்சும். (என் மகளின் ஒற்றைச் செருப்பு சென்ற ஆண்டு முதல் அங்கேதான் இருக்கிறது.) லண்டன் ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். கடலுக்குள் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளும், உல்லாசப் பயணிகளுக்கான உலகின் மிக நீளமான துறைப்பாலத்தில் முதியோர் சிறு ரயிலில் செல்லலாம். முனையில் குளிர்காற்று வீசுமாதலால் மேலங்கி அவசியம். மீன் வறுவல் பொட்டலத்தை வெளியில் பிரித்தால் கடற்காகங்கள் கையிலிருந்தே பறித்துவிடும். வருவோர் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் பதிவு செய்யவும்.

ஒருங்கிணைப்பாளர்