எந்தப் பிரிவில் கைது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போதைப்பொருள் சோதனையில் இத்தனை பேர் கைது என்று செய்தி வரும்போது சௌக்கிட், செந்தூல் என்று கோலாலம்பூர் வட்டாரங்களின் பெயரும், பல வேளைகளில் பிபிஆர் எனும் மக்கள் வீட்டுத் திட்ட அடுக்குமாடியின் பெயரும் கூடவே வந்துவிடுகின்றன. சட்டத்தின் எந்தப் பிரிவில் கைது என்பது பெரும்பாலும் வருவதில்லை.

மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15(1)(ஏ) பிரிவு, போதைப்பொருளை உட்கொண்டவருக்கானது. அதிகபட்சத் தண்டனை 5,000 ரிங்கிட் அபராதம் அல்லது 2 ஆண்டு சிறை. 39பி கடத்தலுக்கு, மரண தண்டனை வரை போகும். ஹெராயின் 15 கிராம், சியாபு (மெத்தாம்பெட்டமின்) 50 கிராம், கஞ்சா 200 கிராம் வைத்திருந்தாலே கடத்தல் என்று சட்டம் அனுமானிக்கும். இந்த இரண்டு வகைக் கைதையும் ஒன்றாகக் கூட்டி ஓர் எண்ணாகப் போடுவது அந்த வட்டாரத்துக்கே செய்யும் அநியாயம்.

அடுக்குமாடியின் மாடிப்படியும் மோட்டார் நிறுத்துமிடமும் யாரும் நுழையக்கூடிய இடங்கள். அங்கே நிற்கும் பையனைச் சிறுநீர்ச் சோதனைக்குக் கூட்டிப்போவது எளிது. காவலாளியும் தடுப்புக் கம்பமும் உள்ள புறநகர்க் குடியிருப்பில் வீட்டுக்குள் போக, 27ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட்டின் வாரண்ட் வேண்டும். தாமதித்தால் தடயம் போய்விடும் என்ற நிலையில்தான் விலக்கு. கும்பல்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொண்டோவையும் தரைவீட்டையும் வாடகைக்கு எடுத்துக் கிடங்காக்குவது அதனால்தான். ஆகவே கைது எண்ணிக்கையில் தெரிவது போலீஸ் எங்கே நின்றது என்பதே. சரக்கு எங்கே இருக்கிறது என்பதல்ல.

சிறுநீர்ச் சோதனையிலும் கவனம் வேண்டும். முதலில் செய்யும் பட்டைச் சோதனை பூர்வாங்கமானதே. உறுதிப்படுத்துவது ஆய்வுக்கூட அறிக்கை. கோடீன் கலந்த இருமல் மருந்து உடலுக்குள் மார்பினாக மாறும். குருமாவில் அரைத்துவிடும் கசகசாவும் மார்பின் தடயம் காட்டலாம். என்ன மருந்து சாப்பிட்டோம் என்பதை, சிறுநீர் மாதிரிக்கான புட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்பே போலீசாரிடம் சொல்லிவிட வேண்டும். புட்டிக்குக் கண்ணெதிரே முத்திரை வைக்கிறார்களா, ஒட்டிய பெயர் சரிதானா என்று பார்க்க வேண்டும். கைதானால் உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவில் இருக்கிறது. தடுப்புக்காவல் மனு விசாரணைக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் இலவசமாகவே வருவார்.

இது தெரியாமல், ‘அபராதம் கட்டினால் முடிந்தது’ என்று ஆய்வுக்கூட அறிக்கையைப் பார்க்காமலேயே பலர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள். முடிவதில்லை. 38பி பிரிவின்படி 2 முதல் 3 ஆண்டுவரை ஏஏடிகே எனும் தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்தின் கண்காணிப்பு தொடர்கிறது. ஷிப்டு வேலைக்காரர் குறித்த நாளில் போய்க் கையெழுத்திடத் தவறினால் அதுவே புதுக் குற்றம். அடுத்த கைதுக் கணக்கிலும் அதே வட்டாரத்தின் பெயர்தான் ஏறுகிறது.

ஒவ்வொரு காவல் மாவட்டமும் 15 (உட்கொள்ளுதல்), 12 (வைத்திருத்தல்), 39ஏ (கூடுதல் எடையில் வைத்திருத்தல்), 39பி (கடத்தல்) கைதுகளையும் பறிமுதல் எடையையும் தனித்தனியாக வெளியிட வேண்டும். அதுவரை தங்கள் நிருபர்களாவது பத்திரிகையாளர் சந்திப்பில் பிரிவு எண்ணைக் கேட்டு எழுதட்டும். ஏஏடிகே அலுவலகங்கள் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கையெழுத்து வாங்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

சட்ட உதவிப் பணியிலுள்ள வாசகர்கள்,
செந்தூல், கோலாலம்பூர்