ஆலைக்குப் பொறுப்பெடுத்த நண்பனுக்கு

மாங்குளம்
தை மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் கிடைத்தது. பரந்தன் பக்கத்து அரிசி ஆலையை நீ பொறுப்பெடுத்தது வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோசம். இங்கே காலபோக வயலெல்லாம் கதிர் தள்ளிப் பால் பிடித்து நிற்கிறது. முற்றத்தில் பனங்கிழங்கு அவித்துக் கிழித்துக் காயப்போட்டிருக்கிறோம். காய்ந்ததும் உனக்கு ஒரு பை புழுக்கொடியல் பஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன்.

பதினெட்டுப் பேரை எப்படி நடத்துவது, அவர்கள் மனம் வெறுக்காமல் வேலைக்கு வர என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். மாசியில் அருவிவெட்டுத் தொடங்கி லொறிகள் வாசலில் வரிசை கட்டினால் உனக்குச் சாப்பிடவும் நேரமிராது. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

ஒரு வேலைத்தலம் நல்லதா என்று பார்க்க நான் ஒரு விசயத்தைத்தான் கவனிப்பேன். அங்கே கெட்ட செய்தி பொறுப்பாளருடைய காதுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது? பத்து நிமிடத்தில் வந்தால் அந்த இடம் உருப்படும். மூன்று நாள் கழித்து, அதுவும் வேறு ஆரோ சொல்லித் தெரிய வந்தால், சம்பளம் எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் அங்கே சனம் நிலைக்காது.

அரிசி ஆலையில் இது வெறும் மனம் சம்பந்தப்பட்ட கதை இல்லை. புழுங்கல் அரிசிக்கு நெல் ஊறவைக்கிற தொட்டியை எடு. 60 முதல் 70 பாகை வெந்நீரில் ஊறினால் ஐந்தாறு மணித்தியாலத்தில் நெல் பதத்துக்கு வந்துவிடும். பச்சைத்தண்ணீர் என்றால் ஒரு நாளுக்கு மேல் வேண்டும். இடையில் தண்ணீர் மாற்றாவிட்டால் புளித்து மணக்கத் தொடங்கும். அந்த மணத்தை முதலில் பிடிப்பது தொட்டியடியில் நிற்கிற ஆள்தான். அவர் உடனே சொன்னால் தண்ணீரை மாற்றி நெல்லைக் காப்பாற்றலாம். ஏச்சுக்குப் பயந்து பேசாமல் விட்டால் நூறு புசல், அதாவது இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட நெல், சோறாகி இலையில் விழும் வரைக்கும் அந்த மணத்தோடு போகும்.

நெல் அவிக்க நீராவி தருகிற பொயிலர் இதைவிடப் பொல்லாதது. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் மட்டம் தெரியாமல் கீழே போய்விட்டால், உமி போடுவதை நிறுத்தி, நெருப்பை அடக்கி, ஆட்களை விலக்கி ஆறவிட வேண்டும். பயந்த ஆள் என்ன செய்வார்? ஒருவருக்கும் தெரிய முதல் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்துப் பச்சைத்தண்ணீரைத் திறந்து விடுவார். காய்ந்து சூடேறிய இரும்பில் அந்தத் தண்ணீர் பட்டவுடன் நீராவி ஒரேயடியாகப் பொங்கி பொயிலரே வெடிக்கலாம். ஆகவே முதல் நாளே எல்லோரும் கேட்கச் சொல்லிவிடு: "ஆரும் மெசினை நிப்பாட்டலாம். பிழையாக நிப்பாட்டினாலும் ஒருத்தரும் ஏசமாட்டினம்." சொன்னபடி நடந்தும் காட்டு. முதல் தடவை ஒருவர் வீணாக நிறுத்தி அரை மணித்தியாலம் போகும்போது மற்றப் பதினேழு பேரும் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

எங்கட சனம் ஏன் சொல்லாமல் விடுகிறது என்பதையும் நீ விளங்கிக்கொள்ள வேண்டும். வாய் திறந்தால் என்ன வருமோ என்று கன காலம் பயந்து வாழ்ந்த மண் இது. வேலையில் இருப்பவர்களில் பாதிப் பேராவது ஒருவருக்கொருவர் உறவாகவோ ஒரே ஊராகவோ இருப்பார்கள். ஒருவரைப் பற்றிச் சொன்னால் கோயிலடியிலும் செத்தவீட்டிலும் முகம் கொடுக்க வேண்டிவரும். ஆகவே ஆரும் வந்து சொல்லட்டும் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தால் ஒருவரும் வரமாட்டார்கள். நீதான் அவர்கள் நிற்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

கெட்ட செய்தி வந்தவுடன் மூன்று வசனம் சொல்லப் பழகு. முதலாவது, "உடன சொன்னது நல்லது." பிறகு, "இப்ப என்ன செய்தால் சேதம் குறையும்?" எல்லாம் அடங்கிய பிறகு, "இது எப்பிடி வந்தது?" ஆர் செய்தது என்று முதலில் கேட்டாயோ, அடுத்த முறை உனக்குச் செய்தி வராது.

எப்படி வந்தது என்பதை மேலோட்டமாகக் கேட்டு நிறுத்திவிடாதே. குறுணல், அதாவது உடைந்த அரிசி, கூடிப் போச்சு என்று வைத்துக்கொள். ஏன்? அரிசியில் வெடிப்பு. ஏன்? காயவிடுகிற தளத்தில் நெல்லை ஒரே மூச்சில் 14 வீத ஈரப்பதத்துக்குக் காயவிட்டிருக்கிறார்கள். புழுங்கல் நெல்லை 16 முதல் 18 வீதம் வரை காயவிட்டு, குவித்துச் சில மணித்தியாலம் ஆறப்போட்டு, பிறகுதான் 14க்கு இறக்க வேண்டும். அது அவர்களுக்கும் தெரியும். பிறகு ஏன் அவசரப்பட்டார்கள்? மழை இருட்டிக்கொண்டு வந்தது, குவித்து மூடப் படங்கு போதாது. படங்கு வாங்காதது ஆர்? பார்த்தாயா, தளத்தில் வெயில் குடித்து நின்ற பெண்பிள்ளையிடம் தொடங்கிய கேள்வி உன் மேசையில் வந்து முடிகிறது. பெரும்பாலான பிழைகள் இப்படித்தான் முடியும். சேதத்துக்குச் சம்பளத்தில் வெட்டுகிற பழக்கம் அங்கே இருந்தால் இந்த மாதத்தோடு நிறுத்து. வெட்டு இருக்கும் வரை உண்மை வராது.

காலை ஏழு மணிக்குத் தளத்தடியில் எல்லோரும் நின்றபடி பத்து நிமிடம் கதையுங்கள். கதிரை போடாதே, போட்டால் அரை மணித்தியாலமாகிவிடும். இன்று எத்தனை புசல் ஊறப்போகிறது, எந்தத் தொட்டி, ஆர் எங்கே, நேற்று எது பழுதானது, அது திருத்தியாச்சா என்பவற்றைச் சொன்னால் போதும். அங்கே ஒருவரையும் ஏசாதே. ஒருவரைத் திருத்த வேண்டுமென்றால் அன்றைக்கே, தனியாக, நடந்ததை மட்டும் சொல்லு. "நீ எப்பவும் இப்பிடித்தான்" என்பது திருத்தம் இல்லை. பாராட்டை எல்லோருக்கும் முன்னால் சொல்லு, ஆனால் எதற்கு என்று விளங்கச் சொல்லு. "நல்லாச் செய்யிறியள்" என்றால் அது காற்றோடு போய்விடும். "உமி நீக்கிற ரப்பர் உருளை ஒரு பக்கம் தேஞ்சதை நேற்றே கண்டு சொன்னபடியால் குறுணல் கூடேல்லை" என்றால் அடுத்த கிழமை நாலு பேர் உருளையைக் குனிந்து பார்ப்பார்கள்.

மாதத்தில் ஒரு தரம் ஒவ்வொருவரோடும் பதினைந்து நிமிடம் தனியே கதை. பதினெட்டுப் பேருக்கும் சேர்த்து நாலரை மணித்தியாலம், ஒரு நாளில் வேண்டாம், பிரித்துக்கொள். "ஏதும் பிரச்சினை இருக்கோ?" என்று கேட்டால் "ஒண்டுமில்லை" என்றுதான் பதில் வரும். "சாக்குத் தைக்கிற மெசின் நாளைக்கு எத்தினை தரம் நூல் அறுக்குது?" என்று கேள், வாய் திறக்கும். முதல் மூன்று மாதம் பெரிதாக ஒன்றும் வராது, சலிக்காதே. முதன்முதல் வருகிற சின்ன முறைப்பாட்டை அந்தக் கிழமைக்குள் தீர்த்துவிடு. மலசலகூடத்துக் கொழுக்கியாக இருந்தாலும் சரி. அதைப் பார்த்துத்தான் பெரிய கதைகள் வரும்.

சம்பளத் திகதியை ஒரு நாளும் தள்ளாதே. காசு பிந்துமென்று தெரிந்தால் மூன்று நாள் முன்னரே நீயே சொல்லு, கணக்கப்பிள்ளையை விட்டுச் சொல்விக்காதே. சம்பளச் சீட்டில் மேலதிக நேரத்தைத் தனியாகக் காட்டு, ஒன்றரை மடங்கு என்பது அவர்களே கணக்குப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்களிடம் 8 வீதம், ஆலையிடம் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு ஆலை மட்டும் 3 வீதம். சேமலாப நிதிக் காசு அடுத்த மாதத்தின் கடைசி வேலைநாளுக்குள் கட்டியாக வேண்டும். சீட்டில் வெட்டிவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது ஒரு நாள் வெளியில் வரும். வந்த பிறகு நீ என்ன சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

வேலைப் பங்கீட்டைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு. தொட்டி கழுவுவது, இரவுப் பொயிலர், மூட்டை ஏற்றுவது மூன்றும் ஒருவருக்கும் பிடிக்காத வேலைகள். அவை கிழமைக்குக் கிழமை சுற்றி வர வேண்டும். உன் ஊர்க்காரருக்கு ஒரு முறை விலக்குக் கொடுத்தாலும் அன்று பின்னேரத்துக்குள் பதினெட்டு வீட்டுக்கும் கதை போய்விடும். மூட்டையை 50 கிலோவுக்கு மேல் கட்டாதே. நெல் தருகிறவர் பெரிய சாக்கில் கொண்டுவந்தால் இரண்டு பேர் தூக்கட்டும்.

தளத்தில் நெல் கிளறுகிறவர்களை இரண்டு குழுவாக்கி அரை மணிக்கொரு தரம் மாற்று. நிழலும் தண்ணீர்ப் பானையும் தளத்தின் ஓரத்திலேயே இருக்கட்டும், இருபது நிமிடத்துக்கு ஒரு கோப்பை குடிக்க வேண்டும். சிறுபோக நெல் வருகிற காலத்தில் சோளகம் வீசும், வேர்வை தெரியாமல் காய்ந்துவிடும், ஆட்கள் தாகமில்லை என்று நினைத்துவிடுவார்கள். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயால் எத்தனை குடும்பம் அலைகிறது என்று உனக்குத் தெரியும். குடிதண்ணீர் விசயத்தில் சிக்கனம் பார்க்காதே.

லீவைப் பற்றியும் இப்போதே யோசி. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழா. நேர்த்தி வைத்தவர்கள் போயே தீருவார்கள். ஆகவே முன்னரே பெயர் எழுதி வாங்கி, அந்தக் கிழமை ஊறவைக்கிற அளவைக் குறைத்துவிடு. மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாள் அன்று ஆலையைப் பூட்டு. அன்று எங்கட பக்கத்தில் ஒருவருக்கும் வேலையில் மனம் நிற்காது, பொயிலரடியில் நிற்கக்கூடாத நாள் அது. தனியே பிள்ளைகளை வளர்க்கிற தாய்மார் உன்னிடம் இருந்தால் பள்ளிக்கூட நேரத்துக்கு ஏற்ற வேலையைக் கொடு. இருட்ட முதல் அவர்கள் பஸ் எடுக்கிற மாதிரிப் பார்த்துக்கொள். அவர்கள் கேட்கமாட்டார்கள், நீயே கேள்.

எனக்கு அதிகம் பயமாக இருப்பது உன் மேற்பார்வையாளரை நினைத்துத்தான். நல்ல மனிசன், ஆனால் உனக்கு நோகும் என்று செய்தியை வடிகட்டுகிறார் என்று உன் கடிதத்திலேயே தெரிகிறது. அவரை விலக்காதே. அவரை மீறிக் கீழே உள்ளவர்களுக்கு நேராகக் கட்டளை கொடுக்கவும் வேண்டாம், அது அவரை அவமானப்படுத்தும். நாள் முடிவில் அவரிடம் ஒன்று மட்டும் கேள்: "இண்டைக்கு என்ன பிழைச்சது?" ஒன்றுமில்லை என்றால், "சரி, பிழைக்கப் பார்த்தது என்ன?" என்று கேள். ஒரு கொப்பியில் திகதியோடு அவர் கையாலேயே எழுதச் சொல்லு. இரண்டு கிழமையாகப் பக்கம் வெறுமையாக இருந்தால் நீயே தொட்டியடிக்குப் போய் மணந்து பார்.

அடுத்த கடிதத்தில் அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் என்ன விழுந்தது, எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு. புழுக்கொடியல் பை மாசி முதல் கிழமை வரும், பஸ் நடத்துனரிடம் கேட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
உன் நண்பன்