வெள்ளிக்கிழமை ராவு ஃபோர்வேட் இல்ல, சொந்தக் கதை மட்டும்

எல்லாருக்கும் வணக்கம், இனி நம்மட குறூப்பில வெள்ளிக்கிழமை ராவையில ஃபோர்வேட் மெசேஜ் ஒண்டும் போடாதீங்க, அவங்கவங்களுக்கு எதில பைத்தியமோ அதைப்பத்தி வொய்ஸ் போடுங்க, புறா வளக்கிறது, வடமோடிக் கூத்து, பழைய தபால் முத்திரை என்னெண்டாலும் ஓகே.

முதல் நானே தொடங்குறன், மட்டக்களப்பு வாவியில பாடும் மீன். 1924ல கட்டின கல்லடிப் பழைய பாலத்துக்குக் கிட்ட நிலவு நேரம் தோணியில போய், துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியக் காதில வெச்சா ம்ம்ம் எண்டு ஒரு சத்தம் கேக்கும், தவளையும் இல்ல வீணையும் இல்ல. அது மீனா, ஊரியா (சிப்பி மாதிரி ஓட்டுக்குள்ள இருக்கிற உயிர்) எண்டு இன்னும் சண்டைதான். மோட்டர் போட் ஓடினா ஒண்டும் கேக்காது, நான் நாலு தரம் போய் ஒருக்காத்தான் கேட்டன்.

மறுகா, வொய்ஸ் அஞ்சு நிமிசத்துக்கு மேல வேணாம். கூத்துக்காரருக்கு மட்டும் பத்து, அவங்கள நிப்பாட்டேலாது.