கல்லூரி ஆசிரியர் அலுவலர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் மாவட்டத்தின் உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரிகளிலும் அவற்றோடு இயங்கும், தொழில்திறன் படிப்புகள் நடத்தும் சமுதாயக் கல்லூரிப் பிரிவுகளிலும் பணிபுரியும் ஆசிரியர்கள், அலுவலர்கள் ஆகியோரின் இம்மன்றத்து ஆண்டறிக்கையைச் செயற்குழுவின் ஒப்புதலுடன் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. இருமுறை குறைந்தபட்ச வருகை (கோரம்) இல்லாமல் கலைந்தது. ஆசிரியர் தின விழா, பொங்கல் விழா, பணி நிறைவு பெற்ற நால்வருக்குப் பாராட்டு ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி பதிவாளருக்குத் தர வேண்டிய தாள்கள் தரப்பட்டுவிட்டன.

அடுத்து, ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கவும் அதன் கணக்கை முடிக்கவும் உறுப்பினர்களுக்கு மன்றம் சனிக்கிழமை தோறும் உதவும் ஆய்வு நிதி உதவி மேசை. சென்ற பொதுக்குழுவில் "இதற்கென்று தனி மேசை எதற்கு?" என்று ஒரு கேள்வி எழுந்தது. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்தருள்க.

மேசைக்கு வருபவர்களில் பாதிப்பேரின் முதல் கேள்வி, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) சிறு ஆய்வுத் திட்டம் எப்போது வரும் என்பதுதான். ஹைதராபாத் மண்டல அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பிய காலம் பலர் மனத்தில் இன்னும் அப்படியே நிற்கிறது. அதற்கு நிதி தந்த பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச் 31-உடன் முடிந்தது. அந்தக் கணக்கிலிருந்து இப்போது நமக்கு வருவதெல்லாம் பழைய செலவுக் கணக்கை முடித்துத் தரச் சொல்லும் கடிதங்கள்தான்.

சமூக அறிவியல், வணிகவியல் துறையினருக்கு இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகத்தின் பெரு, குறு ஆய்வுத் திட்டங்கள் பொருந்தும். தமிழ்த் துறையினர் பெரும்பாக்கத்திலுள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பார்த்துவர வேண்டும். அறிவியல் துறையினருக்குக் கிண்டியில் உள்ள தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்டம் நல்ல தொடக்கம். தொகை சிறிது, ஆனால் கணக்கு முடிக்கும் பழக்கம் அதில் கைவந்துவிடும். அடுத்த படி, முன்பு மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆய்வு வாரியம் (எஸ்.இ.ஆர்.பி.) நடத்திய டேர் (TARE) என்னும் ஆசிரியர் ஆய்வுத் திட்டம். 45 வயதுக்கு மேற்படாத நிரந்தர ஆசிரியர் தம் கல்லூரிப் பணியை விடாமல் ஐ.ஐ.டி. போன்ற நிறுவனத்தில் பகுதிநேரமாக ஆய்வு செய்யலாம். எஸ்.இ.ஆர்.பி. நெறிமுறைப்படி ஆண்டுக்கு ரூ.60,000 உதவித்தொகை, ரூ.5 லட்சம் ஆய்வு மானியம். மானியத்தில் பாதி நம் கல்லூரிக்கு, பாதி அந்த நிறுவனத்துக்கு. 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி எஸ்.இ.ஆர்.பி. இப்போது அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்குள் (ஏ.என்.ஆர்.எஃப்.) போய்விட்டது. பழைய இணையதளத்தில் கிடைத்த படிவத்தை நிரப்பிக்கொண்டு வருவதைத் தயவுசெய்து நிறுத்தவும்.

தகுதி பற்றி ஒன்று. மத்திய நிதி அமைப்புகளில் பல, கல்லூரிக்கு யு.ஜி.சி. சட்டத்தின் 2(எஃப்) ஏற்பும் (கல்லூரி என்ற அங்கீகாரம்), 12(பி) ஏற்பும் (மத்திய நிதி பெறும் தகுதி) இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கும். 2(எஃப்) மட்டும் வாங்கிவிட்டு 12(பி) வாங்காத கல்லூரிகள் நம்மிடையே உண்டு. அங்கே பணிபுரிவோர் திட்ட முன்மொழிவை எழுதுவதற்கு முன் முதல்வர் அறையில் அந்த ஒற்றை ஏற்புத் தாளைக் கேட்டுப் பாருங்கள். சமுதாயக் கல்லூரிப் பிரிவில் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் பெரும்பாலான திட்டங்களில் முதன்மை ஆய்வாளராக இருக்க முடியாது. 1995-இல் புதுச்சேரியில் தொடங்கிய சமுதாயக் கல்லூரி முயற்சிக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியும், அதில் வகுப்பெடுப்பவருக்கென்று ஒரு நிதி வாசல் திறக்கவில்லை என்பது இந்தச் செயலாளரின் ஆதங்கம். அலுவலர்கள் நிலையும் இதுவே: அவர்கள் பெயரில் நேரடியாக விண்ணப்பிக்கக்கூடியது மிகக் குறைவு. ஆனால் அவர்கள் இல்லாமல் ஒரு திட்டமும் முடிவதில்லை.

முன்மொழிவு திரும்பி வரக் காரணம் பெரும்பாலும் ஆய்வுத் தலைப்பு அல்ல, நிதித் திட்டப் பக்கம்தான். சமூக அறிவியல் ஆய்வுக் கழகத்தின் நெறிமுறையில் தலைப்புவாரியாக உச்சவரம்பு உண்டு. ஆய்வுப் பணியாளருக்கு 45 விழுக்காடு, களப்பணிக்கு 35, கருவி மற்றும் நூல்களுக்கு 10 என்ற கணக்கில் ரூ.5 லட்சம் கேட்டால் கருவிக்கும் நூலுக்கும் சேர்த்து ரூ.50,000-தான். அதில் ரூ.85,000-க்கு மடிக்கணினி எழுதினால் பார்ப்பவர் அடுத்த பக்கத்தைப் புரட்ட மாட்டார். இணையவழி விண்ணப்பித்த பிறகு முதல்வர் கையொப்பமிட்ட அச்சுப்படி போக வேண்டும் என்பதும் மறக்கப்படுகிறது.

நிதி ஒதுக்கீடு ஆன பின்பு வரும் தடைகள் வேறு வகை. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனராவோடும், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் யூனியன் வங்கியோடும் இணைந்தன. ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் மாறின. மத்திய அரசு நிதி அனுப்பும் பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் பழைய எண்ணையே வைத்திருக்கும் கல்லூரிக்குப் பணம் வராது. வராததற்கு யாரும் கடிதமும் போட மாட்டார்கள். பான் அட்டையில் அறக்கட்டளையின் பெயர், வங்கிக் கணக்கில் கல்லூரியின் பெயர், நிதி ஆயோக்கின் தொண்டு நிறுவனப் பதிவுத் தளமான தர்ப்பணில் இரண்டும் கலந்த ஒரு பெயர் என்று இருந்தாலும் இதே கதி. விலைப்புள்ளி மூன்று வாங்கச் சொன்னால் மூன்றும் ஒரே எழுத்துருவில், ஒரே எழுத்துப்பிழையோடு வருகின்றன. தணிக்கையாளருக்கும் கண் உண்டு.

வந்த நிதி எப்படிச் செலவானது என்று காட்டும், யூ.சி. என்று நாம் சொல்லும் பயன்பாட்டுச் சான்றிதழில்தான் மேசை இந்த ஆண்டு அதிக நேரம் செலவிட்டது. பொது நிதி விதிகள் 2017 வந்த பிறகு மத்திய நிதிக்குப் படிவம் 12-ஏ. இன்னும் சிலர் பழைய 19-ஏ படிவத்தை நகலெடுத்து ஒப்பமிடுகிறார்கள். ஒரு கோப்பை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன், கல்லூரி பெயர் வேண்டாம். முதல் தவணை வரவு ரூ.2,00,000. செலவு ரூ.1,63,500. வங்கி வட்டி ரூ.1,840. இறுதி இருப்பு ரூ.38,340 என்று வர வேண்டும். அடுத்த ஆண்டு யூ.சி.யில் தொடக்க இருப்பு ரூ.36,500 என்று எழுதப்பட்டிருந்தது. மார்ச் 28-ஆம் தேதியே கணக்கை மூடியதால் 31-ஆம் தேதி வரவான வட்டி விடுபட்டிருக்கிறது. இந்த ரூ.1,840-க்காக இரண்டாம் தவணை நின்றது. ஏப்ரல் முதல் வாரத்தில் பாஸ்புக்கில் பதிவு போட்டு, வட்டி வரியை அடிக்கோடிட்டு, அதன் பிறகே பட்டயக் கணக்கரிடம் கொடுங்கள். அந்த வட்டி நம்முடையதும் அல்ல. கணக்கு முடிந்ததும் பாரத்கோஷ் தளம் வழியாக அரசுக்குச் செலுத்தி, ரசீதைக் கோப்பில் சேர்க்க வேண்டும். நிதியாண்டுக்கு ஒரு யூ.சி.; பதினெட்டு மாதத்துக்குச் சேர்த்து ஒன்று தந்தால் திரும்பி வரும்.

இப்படிப் பதினொரு பழைய கோப்புகள் மேசைக்கு வந்தன. ஏழு முடிந்தன. மீதி நான்கில் ஆய்வாளர் ஓய்வு பெற்றுவிட்டார் அல்லது வாங்கிய கருவி எந்த அறையில் இருக்கிறது என்று தெரியவில்லை. கருவி வந்த அன்றே சொத்துப் பதிவேட்டில் ஏற்றி எண் எழுதி ஒட்டியிருந்தால் இந்தத் தேடல் இல்லை. இந்தப் பணியைச் சனிக்கிழமை தோறும் செய்தவர்கள் இரு கண்காணிப்பாளர்களும் ஓர் இளநிலை உதவியாளரும். "மேசை செயலாளரின் சொந்த விளம்பரம்" என்று சொன்ன உறுப்பினர் அந்த மூவரையும் ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம்.

சந்தா பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உறுப்பினர் 84 பேர். ஆண்டுச் சந்தா ரூ.300. செலுத்தியோர் 37. செலுத்தாதோரில் ஒன்பது பேர் இந்த ஆண்டே மேசையில் உட்கார்ந்து முன்மொழிவைத் திருத்தி வாங்கிப் போனவர்கள். அதில் இருவருக்கு நிதியும் கிடைத்தது. மன்றத்தின் சார்பில் வாழ்த்துகள். அந்தச் செய்தியைச் செயலாளர் நாளிதழில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். பிப்ரவரியில் நடந்த யூ.சி. பயிற்சிக்கு 40 பேர் வருவதாகப் பெயர் கொடுத்தார்கள், 14 பேர் வந்தார்கள், சாப்பாடு 40 பேருக்குச் சொல்லியிருந்தோம்.

வரவு செலவைப் பொறுத்தவரை, சென்ற ஆண்டு இருப்பும் இந்த ஆண்டுச் சந்தாவும் சேர்ந்து செலவுக்கு ஏறத்தாழச் சரியாயின. விரிவான கணக்கு பொருளாளரிடம் உள்ளது, கேட்போர் பார்க்கலாம். மேற்கண்ட சாப்பாட்டுச் செலவு "இதர" தலைப்பில் வருகிறது.

இடம் தந்த கல்லூரி நிர்வாகத்துக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கும், நகலெடுக்கும் கடைக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இரண்டு வேலைகள் நிற்கின்றன. ஒன்று, ஒவ்வொரு கல்லூரியும் தன் பான், தர்ப்பண், வங்கி, பி.எஃப்.எம்.எஸ். விவரங்களை ஒரே தாளில் எழுதி, நான்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று ஜூன் மாதத்துக்குள் பார்ப்பது. இரண்டு, மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் (டி.பி.டி.) ஸ்டார் கல்லூரித் திட்டம் போல் கல்லூரி அளவில் கேட்கும் நிதிகளுக்கு அறிவியல் துறைகள் சேர்ந்து எழுதுவது. தனியாள் எழுதி அனுப்பும் வேலை அல்ல அது. துறைத் தலைவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். உட்கார்வார்களா என்பது வேறு.

மேசை தொடர்வதற்கு ஓர் அச்சுப்பொறியும், சனிக்கிழமை இரண்டு மணி நேரம் தரக்கூடிய இன்னும் மூன்று பேரும் வேண்டும். இவ்வறிக்கையை எழுதி முடிக்கும்வரை செயலாளர் பொறுப்புக்கு ஒரு வேட்புமனுவும் வரவில்லை. படிவம் பொருளாளரிடம் கிடைக்கும். நிலுவைச் சந்தாவையும் அங்கேயே செலுத்தலாம்.

இப்படிக்கு,
செயலாளர்