முகாமுக்கு முன் ஒரு கேள்வித்தாள்

அன்புள்ள சேகர்,

உங்கள் கல்லூரி ரத்த தான முகாமுக்கு யார் வருவார்கள் என்று முன்கூட்டியே கணிக்க நீ தயாரித்து அனுப்பிய கேள்வித்தாளை இரண்டு முறை படித்தேன். முதல் கேள்வியிலேயே சிவப்புப் பேனாவை எடுக்க வேண்டியதாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. "ரத்த தானம் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் "மகத்தான செயல்" என்றுதான் எழுதுவார்கள். முகாம் நாளன்று கட்டில்கள் காலியாகக் கிடக்கும். உடனே "ஜனங்கள் பொய் சொல்லிவிட்டார்கள்" என்பாய். அவர்கள் பொய் சொல்லவில்லையப்பா. நீ தானத்தைப் பற்றிக் கேட்டாய், அவர்கள் தானத்தைப் பற்றிச் சொன்னார்கள். சனிக்கிழமை காலை உன் முகாமுக்கு வருவதைப் பற்றி நீ கேட்கவே இல்லையே.

இந்தக் குழப்பத்துக்கு வயது தொண்ணூறு. லாப்பியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீன மாணவரோடும் அவர் மனைவியோடும் அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றினார். சீனர் மீது வெறுப்பு மண்டியிருந்த காலம். தங்கும் விடுதி, உணவகம் எல்லாம் சேர்த்து 251 இடங்களில் ஒரே ஒரு இடத்தில்தான் இவர்களுக்குக் கதவடைத்தார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்கு "சீன இனத்தவரை ஏற்பீர்களா?" என்று கேட்டு எழுதினார். பதில் போட்ட 128 இடங்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் "மாட்டோம்" என்றன. 1934இல் இது வெளிவந்ததிலிருந்து, சொல்லுக்கும் செயலுக்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு இதையே சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கடிதம் கேட்டது ஓர் இனத்தைப் பற்றி. வாசலில் வந்து நின்றதோ ஒரு வெள்ளைக்காரரும் அவரோடு ஓர் இளம் தம்பதியும். இரண்டும் ஒரே கேள்வி ஆகாது.

ஃபிஷ்பைன், ஐசன் என்ற சமூக உளவியலாளர்கள் பிடித்தது இந்த முடிச்சைத்தான். எந்தச் செயலை முன்கூட்டிச் சொல்ல வேண்டுமோ அதைச் செயல், இலக்கு, சூழல், நேரம் என்று நாலாகப் பிரித்துக்கொள். கேள்வியிலும் அந்த நாலும் அப்படியே இருக்க வேண்டும். 1979இல் டேவிட்சனும் ஜக்கார்டும் கருத்தடை மாத்திரையை வைத்து இதைச் சோதித்தார்கள். "கருத்தடை" பற்றிய மனப்பான்மைக்கும் மாத்திரை சாப்பிட்டதற்கும் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்ற அளவு; முழுசாகச் சேர்ந்து போனால் 1) 0.08, அதாவது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. "மாத்திரை" என்று கேட்டதும் 0.32. "மாத்திரையைப் பயன்படுத்துவது" என்றதும் 0.53. "அடுத்த இரண்டு ஆண்டுகளில் பயன்படுத்துவது" என்று காலத்தையும் சேர்த்ததும் 0.57. கேள்வியின் வாசகம் மட்டுமே செய்த வேலை இது.

ஆகவே முதல் கேள்வியை இப்படி மாற்று: "வரும் முகாம் நாளன்று, நம் கல்லூரி அரங்கில், நான் ரத்தம் கொடுப்பது..." இதன் கீழே ஏழு புள்ளி அளவுகோல் இரண்டு போடு. ஒன்று பயனுள்ளது–பயனற்றது, இன்னொன்று இனிமையானது–இனிமையற்றது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்துவிடாதே. ரத்த தானத்தில் முதலாவது எல்லாருக்கும் உச்சியில் நிற்கும். ஊசிப் பயம் இரண்டாவதில்தான் வெளியே வரும்.

மூன்றாம் பக்கத்தில் "ரத்தம் கொடுக்காததற்குக் காரணங்கள்" என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அதெல்லாம் உன் மண்டையிலிருந்து வந்தது என்று பார்த்தாலே தெரிகிறது. அதை எடுத்துவிடு. அதே மாணவர்களில் 25, 30 பேரைப் பிடித்து வெற்றுத்தாளைக் கொடு. கொடுத்தால் என்ன நன்மை, என்ன தொல்லை, யார் மெச்சுவார்கள், யார் தடுப்பார்கள், எது சுலபமாக்கும், எது முட்டுக்கட்டை என்று அவர்கள் வார்த்தையிலேயே எழுதட்டும். அடிக்கடி வருவதை மட்டும் கேள்வியாக்கு. "அம்மா திட்டுவாங்க" என்று வந்தால் அப்படியே போடு, "குடும்பத்தாரின் எதிர்ப்பு" என்று மெருகேற்றாதே.

ஐசன் பின்னால் சேர்த்தது கட்டுப்பாடு: என்னால் முடியும் என்ற நம்பிக்கை. உன் விஷயத்தில் அந்த நம்பிக்கையும் நிஜமும் நிறையவே விலகும். ஹீமோகுளோபின் 12.5 இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், எடை 45 கிலோவுக்குக் குறைந்தாலும் அப்படித்தான். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். வரிசையில் நின்று திரும்பிப் போன பெண்ணை "வராதவர்" கணக்கில் எழுதினால் உன் கணக்கே பிசகிவிடும். அவர்களுக்குத் தனிக் கட்டம் போடு. கடைசியாகக் கொடுத்த தேதியையும் கேள். முன்பு கொடுத்தவரா என்ற ஒரு கேள்வி பல சமயம் மற்ற எல்லாவற்றையும் விட நன்றாகக் கணிக்கும்.

போஸ்டர் பற்றி இரண்டு வார்த்தை. "நம் கல்லூரியில் ரத்தம் கொடுப்பவர் மிகச் சிலரே!" என்ற வரியைத் தயவுசெய்து அடித்துவிடு. அமெரிக்காவின் அரிசோனாவில், கல்லாகிப்போன பழங்கால மரங்கள் கிடக்கும் கல்மரக் காட்டுப் பூங்காவில் "பலர் கல்மரத்துண்டுகளை எடுத்துப் போய்விட்டார்கள்" என்று எழுதிய பலகை இருந்தபோது, ஆய்வாளர்கள் பாதையில் போட்டிருந்த துண்டுகளில் 7.92 சதவீதம் களவு போனது. "எடுக்காதீர்கள்" என்று மட்டும் சொன்ன பலகைக்கு 1.67. சியால்டினி என்ற உளவியலாளரின் குழு செய்த சோதனை இது. யாரும் செய்வதில்லை என்று நீயே சொன்னால், செய்யாமலிருக்க நீயே அனுமதி கொடுத்த மாதிரி. நடிகர் படமும் வேண்டாம். விஷயம் தன்னைத் தொடும்போது ஆள் யார் என்று பார்க்காமல் வாதத்தை எடைபோடுகிறார்கள் என்று பெட்டி, காசியோப்போ என்ற உளவியலாளர்கள் 1981இல் காட்டினார்கள். படத்துக்குப் பதிலாக, எவ்வளவு நேரம் ஆகும், என்ன செய்வார்கள் என்று எழுது.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் கைகூடுவது சுமார்தான். ஆர்மிடேஜ், கானர் இருவரும் 185 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆளுக்கு ஆள் நடத்தையில் இருக்கும் வேறுபாட்டில் 27 சதவீதத்தைத்தான் நான் மேலே சொன்ன ஐசனின் கோட்பாடு விளக்கியது. "செய்வேன்" என்பதற்கும் செய்வதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைத் தாண்டப் பயமுறுத்தலும் போதாது. யேல் பல்கலைக்கழகத்தில் லெவந்தால் குழு 1965இல் வெளியிட்ட டெட்டனஸ் ஊசி ஆய்வைப் பார். கோரமான படம் காட்டியதும் மாணவர்களின் எண்ணம் மாறியது, ஊசி போட்டுக்கொண்டவர் எண்ணிக்கை மாறவில்லை. மருத்துவ நிலையத்தைக் குறித்த வரைபடத்தைக் கொடுத்து, வாரத்தில் எந்த வேளையில் போக முடியும் என்று யோசிக்கச் சொன்னபோது 28 சதவீதம் பேர் போனார்கள். அது இல்லாதபோது 3 சதவீதம். எனவே உன் தாளின் கடைசியில், "முகாம் நாளன்று ___ மணிக்கு ___ வகுப்பு முடிந்ததும் ___ உடன் போவேன்" என்று அவர்கள் கையாலேயே நிரப்பும் ஒரு வரியைச் சேர்.

அதைச் சேர்த்ததும் இன்னொரு சிக்கல் வரும். கேள்வித்தாளே ஆளை மாற்றும். கனடாவின் கியூபெக்கில் ரத்தக் கொடையாளர்களுக்கு இப்படியொரு தாளைத் தபாலில் அனுப்பியதே அவர்கள் திரும்பக் கொடுக்க வருவதைக் கூட்டியிருக்கிறது. அதனால் வகுப்புகளைக் குலுக்கிப் போட்டு மூன்றாகப் பிரி: ஒன்றுக்குத் தாளே வேண்டாம், ஒன்றுக்குக் கடைசி வரி இல்லாத தாள், ஒன்றுக்கு முழுத் தாள். ஒரே வகுப்பில் இரண்டு விதத் தாளைக் கொடுத்துவிடாதே, பக்கத்து பெஞ்சைப் பார்த்து நிரப்பிவிடுவார்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் திருத்திய தாளை அனுப்பு. வெற்றுத்தாளில் அந்த முப்பது பேர் எழுதியதையும் சேர்த்து அனுப்பு, அதைப் படிக்கத்தான் எனக்கு அதிக ஆசை. வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரகு