ஊருக்கு ஒரு பொது மைக் செட்: நன்கொடை வேண்டுகோள்

ஊரில் இருப்பவர்களுக்கும், திருப்பூர், சென்னை, துபாய் என்று பிழைக்கப் போயிருக்கிற நம் பிள்ளைகளுக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறோம். ஊருக்குப் பொதுவாக ஒரு மைக் செட் வாங்க 1,20,000 ரூபாய் வேண்டும். கையில் இருப்பது 38,000.

வாடகைக்குத்தான் கிடைக்கிறதே, சொந்தமாக எதற்கு என்று டீக்கடையில் பேச்சு ஓடுகிறது. திருவிழாவுக்கு வாடகை செட்டே வரட்டும், அதில் நாங்கள் கை வைக்கவில்லை. ஆனால் வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுகிறது. வரவு செலவு வாசிக்கும்போது முன்னால் நாலு வரிசைக்குத்தான் காதில் விழுகிறது, பின்னால் நிற்கிற பெண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். பள்ளி ஆண்டு விழா, பொங்கல் விளையாட்டு, கண் சிகிச்சை முகாம் எல்லாவற்றுக்கும் இதே கதை. கூம்புக் குழாயைக் கட்டினால் தூரத்துக்குச் சத்தம் போகும், என்ன பேசுகிறார்கள் என்பது புரியாது. அதோடு, அனுமதி கேட்கப் போனாலே கூம்பு கூடாது என்றுதான் காவல் நிலையத்தில் முதலில் சொல்கிறார்கள்.

நாங்கள் பார்த்து வைத்திருப்பது 12 இன்ச் பவர்டு ஸ்பீக்கர் இரண்டு, மைக்குகளின் சத்தத்தைச் சேர்த்துக் கூட்டிக் குறைக்கிற சின்ன மிக்ஸர் ஒன்று, மைக் மூன்று. சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இருப்பதால், எந்த ஆம்புக்கு எந்த ஸ்பீக்கர் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், ஒவ்வொரு பெட்டிக்கும் மிக்ஸரிலிருந்து ஒரு கேபிள், கரண்டுக்கு ஒரு வயர், அவ்வளவுதான்.

இன்னும் பெரிய வாட்ஸாக வாங்கலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற 2000 வாட்ஸ் பெரும்பாலும் கண நேரம் தாங்குகிற உச்ச அளவு. வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு), காதுக்கு லேசாகத்தான் தெரியும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறைந்துவிடும். அதனால் காசை வாட்ஸில் கொட்டுவதைவிட நல்ல ஸ்டாண்டில் போடுவது மேல். பெட்டியைத் தரையில் வைத்தால், பேச்சைப் புரியவைக்கிற கூர்மையான சத்தத்தையெல்லாம் முன்வரிசை ஆட்களே மறைத்துவிடுவார்கள், தலைக்கு மேல் ஏற்றி லேசாகக் கூட்டத்தின் பக்கம் திருப்பினால் அதே பெட்டி கடைசி வரிசைக்கும் கேட்கும். “கம்பிக்கா இவ்வளவு காசு?” என்று கேட்ட பெரியவர்களுக்கும் இதுதான் பதில்.

ஆளுக்கு ஆள் திருகாமல் இருக்க, விருப்பமுள்ள நாலு பேருக்குப் பழக்கிவிடப்போகிறோம், பெண் பிள்ளைகளும் வரலாம். ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால் நிற்க வேண்டும், பேசுகிறவர் முதுகுக்குப் பின்னால் வைத்தால் ஊளையிடும். மிக்ஸரை முதலில் போட்டு ஸ்பீக்கரைக் கடைசியில் போட வேண்டும், அணைக்கும்போது ஸ்பீக்கர்தான் முதலில், இல்லாவிட்டால் ‘டொப்’பென்று ஒரு அடி விழும், அது பெட்டிக்கு நல்லதில்லை. ஸ்பீக்கரின் பின்பக்கம் மைக், லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். மிக்ஸரிலிருந்து வந்தால் அது லைனில்தான் இருக்க வேண்டும், மைக்கில் கிடந்தால் கரகரவென்று உடைந்து கேட்கும், ஸ்பீக்கர் போச்சு என்று நாம்தான் பயந்து போவோம். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் சத்தத்தைக் குறைக்க வேண்டும், யார் வந்து “இன்னும் கொஞ்சம் ஏத்து” என்றாலும் சரி.

ஊர்ப் பொது நிகழ்ச்சிக்கு வாடகை கிடையாது. வீட்டு விசேஷத்துக்கு எடுத்தால் பராமரிப்புக்கு 500 ரூபாய். கட்சிக் கூட்டத்துக்குத் தர மாட்டோம், எந்தக் கட்சியானாலும். இரவு 10 மணிக்கு அணைத்துவிடுவோம், அது சட்டம்.

வீட்டுக்கு 500 என்று வைத்திருக்கிறோம், முடியாதவர்கள் 50 கொடுத்தாலும் ரசீது உண்டு. வெளியூர்ப் பிள்ளைகள் கொஞ்சம் தாராளமாகப் பார்த்துச் செய்யுங்கள். பணத்தைப் பொருளாளரிடம் நேரில் கொடுக்கலாம், அல்லது மூன்று பேர் கையெழுத்தில் இருக்கிற குழுக் கணக்கில் போடலாம். பணமாக முடியாதவர்கள், பெட்டிகளை வைக்க எலியும் ஈரமும் இல்லாத ஒரு அறை கொடுத்தால் அதுவும் பெரிய உதவி. பழைய ப்ளூடூத் பெட்டிகள் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே இரண்டு வந்து கிடக்கின்றன.

பொங்கலுக்கு முன்னால் வாங்கிவிட வேண்டும், அதனால் மார்கழி 15க்குள் கொடுத்துவிடுங்கள். கொடுத்தவர்கள் பெயரும் செலவுக் கணக்கும் ஜனவரி 26 கிராம சபையில் வாசிக்கப்படும்.

இப்படிக்கு,
மைக் செட் குழுவினர்